வலியறிந்து ஓடிய வீரர் அபேபே பிகிலா

தமிழில் ‘வலி’ என்னும் ஒரு சொல் இருபொருள் தந்து நிற்கிறது. வலிமை என்பது ஒன்று. நோவு என்பது மற்றொன்று. திருவள்ளுவர் பொருட்பாலில் ‘வலியறிதல்’ என்றே ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். வேந்தனுக்குரிய அறிவாக அவர் வகுத்த அவ்வதிகாரத்தில் வலி என்பது ஆற்றலையே குறிக்கும். ஆயினும், தன் உடலையே கருவியாகக் கொண்டு களம் புகும் விளையாட்டு வீரனுக்கு அச்சொல்லின் இரு பொருளும் ஒருங்கே வேண்டப்படுகின்றன. தன் வலிமை எவ்வளவு என்பதையும், தன் உடலில் எழும் நோவு எதனைச் சொல்லுகிறது என்பதையும் அவன் அறிந்திருத்தல் வேண்டும்.

நம் கல்லூரிகளில் ஆண்டுதோறும் விளையாட்டு விழா நடைபெறுகிறது. முதல்நாள் வரை காய்ச்சலில் கிடந்த மாணவர் ஒருவர், தம் துறையின் மானத்தைக் காக்க வேண்டும் எனக் கருதி, மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு நெடுந்தொலை ஓட்டத்தில் கலந்துகொள்வது புதிதன்று. அவர் ஓடி முடித்தால் நாம் கைதட்டுகிறோம். இடையில் நின்றுவிட்டால் எள்ளி நகைக்கிறோம். இக்கைதட்டலும் நகைப்பும் முறையானவைதாமா என எண்ணிப் பார்க்க ஒரு பெருவீரரின் வாழ்க்கை நமக்குத் துணை செய்கிறது. அவர்தாம் எத்தியோப்பிய நாட்டின் அபேபே பிகிலா. அறுவை செய்துகொண்ட சில வாரங்களிலேயே ஓடி உலகை வியக்க வைத்தவரும் அவரே. காயமுற்ற காலோடு ஓடத் தொடங்கிப் பாதி வழி கடக்குமுன்னே விலகிக்கொண்டவரும் அவரே.

பிறப்பும் இளமையும்

பழைய நூல்கள் அபிசீனியா என்று குறிப்பிடும் நாடே எத்தியோப்பியா. ஹபஷா என்னும் பெயரால், நபித்தோழர்களுக்கு அடைக்கலம் தந்த நஜ்ஜாஷி மன்னரின் நாடாக, அது நம் பெரியோர்க்கு நன்கு அறிமுகமானதாகும். அந்நாட்டின் ஷோவா மாநிலத்தில் ஜாட்டோ என்னும் சிற்றூரில் 1932ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 7ஆம் நாள் அபேபே பிறந்தார். அதே நாளில் கடல்களுக்கு அப்பால் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒலிம்பிக் மராத்தான் ஓட்டம் நடைபெற்றது என்பது நினைக்க இனிக்கும் ஓர் ஒற்றுமையாகும்.

அபேபே மூன்று வயதுப் பாலகராக இருந்தபோது, 1935இல் முசோலினியின் இத்தாலியப் படைகள் எத்தியோப்பியாவின்மீது பாய்ந்தன. குண்டு மழைக்கு அஞ்சிக் குடும்பம் ஊரைவிட்டுத் தொலைவிலுள்ள இடத்திற்குக் குடிபெயர்ந்தது. 1936இல் தலைநகர் அடிஸ் அபாபா வீழ்ந்தது. 1941இல்தான் நாடு மீண்டும் விடுதலை பெற்றது. அடிமைப்பட்ட நாட்டில் பேச்சும் நடையும் பயின்ற அக்குழந்தை, பின்னாளில் அந்த இத்தாலியின் தலைநகரிலேயே தன் நாட்டின் பெயரை நிலைநாட்டப் போவதை அன்று எவரும் அறிந்திலர்.

மலைச்சரிவுகளில் கால்நடை மேய்த்தும், கென்னா எனப்படும் மட்டைப்பந்து விளையாடியும் அபேபே வளர்ந்தார். அவ்விளையாட்டில் இரு பக்கத்துக் கோல்களும் சில வேளைகளில் பல கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்திருக்கும். ஆகவே பந்தின் பின்னே ஓடுதல் என்பதே ஒரு நெடும்பயணமாகும். விளையாட்டென எண்ணி ஓடிய அக்கால்கள், அறியாமலேயே நெடுந்தொலை ஓட்டத்திற்குப் பழகின எனலாம்.

காவற்படையில் சேர்தல்

இளைஞரான அபேபே தலைநகருக்கு வந்து, பேரரசர் ஹைலே செலாஸியின் மெய்க்காவற்படையில் படைவீரராகச் சேர்ந்தார். சுலுல்டா மலைப்பகுதியிலிருந்து அடிஸ் அபாபாவுக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஓடி வருவதும், பணி முடிந்து அவ்வாறே ஓடித் திரும்புவதும் அவருடைய அன்றாட வழக்கமாயின. அடிஸ் அபாபா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். நம் மாவட்ட எல்லையில் நிமிர்ந்து நிற்கும் மகேந்திரகிரியின் உயரம் ஏறத்தாழ 1,650 மீட்டரே. மகேந்திரகிரியின் உச்சியையும் விஞ்சிய உயரத்தில் அவர் நாள்தோறும் ஓடினார் என்பதை எண்ணும்போது அவ்வுழைப்பின் அருமை விளங்கும். அத்தகைய உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். குறைந்த உயிர்வளியைக் கொண்டே இயங்க வேண்டியிருப்பதால் உடல் குருதியில் சிவப்பணுக்களை மிகுதியாக உண்டாக்கிக் கொள்ளும். இது நெடுந்தொலை ஓட்டக்காரர்க்குக் கிடைக்கும் பெருஞ்செல்வமாகும்.

எத்தியோப்பிய அரசின் பணியில் இருந்த ஸ்வீடன் நாட்டவரான ஒன்னி நிஸ்கானென் என்பார் அபேபேயின் ஆற்றலைக் கண்டறிந்து பயிற்றுவித்தார். மண்ணில் புதைந்து கிடந்த மணியை எடுத்துப் பட்டை தீட்டிய ஆசிரியர் இவர் எனலாம். 1960ஆம் ஆண்டு அடிஸ் அபாபாவில் நடைபெற்ற தேர்வோட்டத்தில் அபேபே 2 மணி 21 நிமிடம் 23 விநாடியில் மராத்தான் தூரத்தைக் கடந்தார். 1952இல் ஹெல்சிங்கியில் செக்கோஸ்லோவாகிய வீரர் எமில் ஜடோபெக் நிறுவிய ஒலிம்பிக் சாதனையினும் இது விரைவானதாகும். அவ்வாண்டிலேயே அவர் யெவெப்தார் என்னும் மங்கையை மணந்து இல்லறமும் ஏற்றார்.

ரோம் நகரில் வெறுங்கால் வெற்றி

மராத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் கடலை வணங்கிப் புறப்பட்டு, கொட்டாரம், சுசீந்திரம் வழியாக நாகர்கோவிலை அடைந்து, வந்த வழியே மீண்டும் கன்னியாகுமரிக்கு ஓடித் திரும்பினால் ஏறத்தாழ அத்தூரம் ஆகும். பேருந்தில் அமர்ந்து செல்வோர்க்கே சலிப்புத் தரும் இத்தூரத்தை இரண்டேகால் மணி நேரத்தில் ஓடிக் கடப்பது எத்தகைய அரும்பாடு என்பதை நம் ஊரார் எளிதில் உணரக்கூடும்.

1960ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் மாலையில் ரோம் நகரின் காம்பிடோக்லியோ குன்றினருகே ஓட்டம் தொடங்கியது. வெயிலின் கொடுமையைத் தவிர்க்க மாலையில் தொடங்கி இரவில் முடியுமாறு வகுத்திருந்தனர். புதிதாக வாங்கிய காலணி காலுக்குப் பொருந்தாமல் கொப்புளம் உண்டாக்கியதால் அபேபே வெறுங்காலுடனேயே ஓட முடிவு செய்தார். பிறர் கண்ணுக்கு அது வறுமையின் அடையாளமாகத் தோன்றியிருக்கலாம். உண்மையில் அது தம் காலையும் தம் பயிற்சியையும் அறிந்த ஒருவர் எடுத்த தெளிந்த முடிவேயாகும். காலைக் கடிக்கும் காலணியினும் பழகிய வெறுங்கால் மேலானது என்று அவர் கண்டார்.

பாதித் தூரத்திற்குப் பிறகு முன்னணியில் எஞ்சியோர் இருவரே. ஒருவர் அபேபே, மற்றவர் மொராக்கோ நாட்டின் ராதி பென் அப்தஸ்ஸலாம். தீப்பந்தங்கள் ஒளிர்ந்த பழைய அப்பியன் சாலையில் இருவரும் தோளோடு தோள் சேர்ந்து ஓடினர். இறுதிக் கட்டத்தில் வழியருகே ஒரு கல்தூண் நின்றது. அது எத்தியோப்பியாவின் அக்சும் நகரிலிருந்து 1937இல் இத்தாலியர் பெயர்த்தெடுத்து வந்த தொன்மையான நினைவுத்தூண். அத்தூணை நெருங்கிய இடத்தில்தான் அபேபே வேகத்தைக் கூட்டித் தனித்து முன்னேறினார். கான்ஸ்டன்டைன் வளைவினருகே 2 மணி 15 நிமிடம் 16.2 விநாடியில் ஓட்டத்தை முடித்து, அதுவரை உலகில் எவரும் ஓடியிராத விரைவை எய்தினார். ராதி 25 விநாடிகள் பின்தங்கி வெள்ளிப் பதக்கம் பெற்றார். அத்தூண் 2005ஆம் ஆண்டில் எத்தியோப்பியாவுக்குத் திருப்பி அளிக்கப்பட்டது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் என்னும் சிறப்பு அபேபேக்கு உரியதாயிற்று. 1928இல் அல்ஜீரிய மண்ணில் பிறந்த எல் வாஃபியும், 1956இல் அதே மண்ணின் மைந்தரான மிமூனும் மராத்தானில் வென்றிருந்தனர். ஆயினும் அவர்கள் பிரான்சின் கொடியின்கீழ் ஓடியவர்கள். ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விடுதலை பெற்றுக்கொண்டிருந்த 1960ஆம் ஆண்டில், தன் நாட்டுக் கொடியின்கீழ் ஓர் ஆப்பிரிக்கர் பெற்ற இவ்வெற்றி அக்கண்டம் முழுவதற்கும் ஊக்கம் அளித்தது.

அதே ஆண்டு டிசம்பரில், பேரரசர் வெளிநாடு சென்றிருந்த வேளையில் மெய்க்காவற்படையினர் ஆட்சியைக் கைப்பற்ற முயன்று தோற்றனர். அப்படையைச் சேர்ந்தவர் என்னும் காரணத்தால் அபேபேயும் சிறிது காலம் காவலில் வைக்கப்பட்டார். அவருக்கு அதில் பங்கில்லை என்பது தெளிந்தபின் விடுவிக்கப்பட்டார். 1961இல் ஏதென்ஸ், ஒசாக்கா, கோசித்சே ஆகிய நகரங்களில் நடைபெற்ற ஓட்டங்களில் தொடர்ந்து வென்றார். 1963இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மட்டும் குளிரிலும் எதிர்காற்றிலும் தளர்ந்து ஐந்தாம் இடத்தையே பெற்றார். வெற்றி பழகிய வீரர்க்கும் உடல் தளரும் நாள் உண்டு என்பதற்கு அது ஒரு முன்னறிவிப்புப் போல் அமைந்தது.

நோயும் அறுவையும்

1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் நெருங்கியது. மராத்தான் ஓட்டத்தில் இருமுறை வென்றவர் அதுவரை எவரும் இலர். அப்பெருமைக்காக உழைத்துக்கொண்டிருந்த அபேபேயை, போட்டிக்கு ஏறத்தாழ நாற்பது நாள்களே இருந்த நிலையில், நோய் தாக்கியது. பயிற்சி ஓட்டத்தின்போது வயிற்றில் நோவு எழுந்தது. அதனை அடக்கி வெல்லலாம் என எண்ணி அவர் மேலும் ஓடினார். இறுதியில் உடல் இடங்கொடாமல் வீழ்ந்தார். மருத்துவமனையில் ஆய்ந்தபோது அது குடல்வால் அழற்சி என்று தெரியவந்தது. உடனே அறுவை செய்து குடல்வாலை அகற்றினர்.

இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. குடல்வால் அழற்சியைக் காலத்தில் கவனியாது விட்டால் அது வெடித்து, நஞ்சு வயிறு முழுவதும் பரவி, உயிருக்கே இறுதி நேரும். வயிற்றில் எழுந்த நோவு அபேபேயை வருத்த வந்த பகையன்று. காக்க வந்த எச்சரிக்கையாகும். அதனை எதிர்த்து ஓடியபோது அவர் வீழ்ந்தார். அதற்குச் செவிசாய்த்து மருத்துவரிடம் உடலை ஒப்படைத்தபோது பிழைத்தார். டோக்கியோ வெற்றியைப் புகழ்வோர் பலரும் அறுவைக்குப் பின் அவர் ஓடியதையே பேசுகின்றனர். அவ்வெற்றிக்கு முதற்படி அறுவைக்கு அவர் உடன்பட்டதே என்பதை மறந்துவிடுகின்றனர்.

அறுவைக்குப் பின் அபேபே படுக்கையிலேயே கிடந்தாரல்லர். சில நாள்களிலேயே எழுந்து நடக்கத் தொடங்கினார். இரவு வேளைகளில் மருத்துவமனை முற்றத்தில் மெல்ல ஓடிப் பார்த்தார் என்றும் கூறுவர். நடை மெல்லோட்டமாகவும், மெல்லோட்டம் பயிற்சியாகவும் படிப்படியாக வளர்ந்தது. பயிற்றுநர் நிஸ்கானென் உடனிருந்து அளவறிந்து நடத்தினார்.

டோக்கியோவில் இரண்டாம் வெற்றி

1964ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள். டோக்கியோ நகரின் தேசிய விளையாட்டரங்கிலிருந்து வீரர்கள் புறப்பட்டனர். இம்முறை அபேபே காலணி அணிந்தே ஓடினார். வெறுங்கால் வீரர் என்னும் புகழுக்காக அவர் வெறுங்காலுடன் ஓடவில்லை. காலுக்குப் பொருந்திய காலணி கிடைத்ததும் அதனை ஏற்றுக்கொண்டார். தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் விரைந்து முன்னே சென்றார். அயர்லாந்தின் ஜிம் ஹோகனும் அபேபேயும் அவரைத் தொடர்ந்தனர். பாதி வழியளவில் அபேபே முன்னணியைப் பற்றினார். அதன்பின் அவரை எவராலும் நெருங்க இயலவில்லை. ஹோகன் இறுதிப் பகுதியில் தளர்ந்து ஓட்டத்தைக் கைவிட்டார்.

அபேபே அரங்கினுள் நுழைந்து 2 மணி 12 நிமிடம் 11.2 விநாடியில் ஓட்டத்தை முடித்தபோது அடுத்த வீரர் நான்கு நிமிடங்களுக்கும் மேலான தொலைவில் இருந்தார். தம்முடைய பழைய ரோம் நகரச் சாதனையைவிட மூன்று நிமிடங்கள் விரைவாக ஓடிப் புதிய உலகச் சாதனையையும் நிறுவினார். எல்லைக்கோட்டைக் கடந்ததும் வீழ்ந்து கிடப்பார் என எதிர்பார்த்தோர் வியக்குமாறு, அரங்கின் புல்வெளியில் உடற்பயிற்சி செய்யத் தொடங்கினார். பரிசளிப்பின்போது எத்தியோப்பிய நாட்டுப்பண் இசைக்குழுவினரிடம் இல்லாமையால் சப்பானிய நாட்டுப்பண்ணையே இசைத்தனர் என்பது அந்நாளைய ஒரு வியப்பான செய்தியாகும்.

இவ்வெற்றி எவ்வாறு இயன்றது? மன உறுதி ஒன்றே காரணம் என்று கூறிவிடுதல் எளிது. அது முழு உண்மையன்று. நோயுற்ற உறுப்பு அகற்றப்பட்டுவிட்டது. காய்ச்சலோ நச்சோ உடலில் தங்கியிருக்கவில்லை. புண் ஆறுவதற்கு வாரங்கள் இருந்தன. அனைத்திற்கும் மேலாக, பல்லாண்டு மலைநிலப் பயிற்சியால் சேர்த்து வைத்த ஆற்றல் இருந்தது. களஞ்சியம் நிறைய நெல் வைத்திருப்பவன் ஒரு பூ விளைச்சல் குறைந்தாலும் தளர்வதில்லை என்பது நாஞ்சில் நாட்டு உழவர் நன்கறிந்த உண்மை. அபேபே நோயுடன் ஓடி வென்றவர் அல்லர். நோயை முறையாக நீக்கிக்கொண்டு ஓடி வென்றவர்.

இதனை மற்றொரு வீரரின் வாழ்க்கையோடு ஒப்பிட்டால் மேலும் தெளிவு பிறக்கும். 1952இல் ஒரே ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மராத்தான் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்ற எமில் ஜடோபெக், 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கிற்கு முன் குடலிறக்கத்திற்காக அறுவை செய்துகொண்டார். அவரும் உறுதியில் எவருக்கும் இளைத்தவரல்லர். ஆயினும் அவ்வோட்டத்தில் ஆறாம் இடத்தையே பெற முடிந்தது. அறுவைக்குப் பின் ஓடியோர் அனைவரும் வெல்வர் என்னும் விதி ஏதுமில்லை. ஒரு வீரரின் வெற்றியைக் காட்டி மற்றொரு வீரரை நோயோடு களத்தில் இறக்குதல் அறிவுடைமையாகாது.

மெக்சிகோவில் விலகல்

1967இல் அபேபேயின் காலில் காயம் ஏற்பட்டது. ஸ்பெயின் நாட்டில் நடைபெற்ற ஓட்டமொன்றை முடிக்காமலே விலக நேர்ந்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனிக்குச் சென்று மருத்துவம் செய்துகொண்டும் கால் முழுமையாகத் தேறவில்லை. இந்நிலையில் 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக் வந்தது. மூன்றாம் முறையும் அவர் வெல்ல வேண்டும் என்று நாடு எதிர்பார்த்தது. மெக்சிகோ நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதும் மலைநாட்டவரான அவருக்கு ஏற்றதாகும் எனப் பலரும் எண்ணினர்.

1968ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் அபேபே ஓடத் தொடங்கினார். ஏறத்தாழ 17 கிலோமீட்டர் ஓடியபின், கால் இனித் தாங்காது என்பதை உணர்ந்து ஓட்டத்தை நிறுத்தினார். உடன் ஓடிய தம் நாட்டவரான மாமோ வோல்டேயிடம் வெற்றிப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு அவர் விலகினார் என்று கூறுவர். மாமோ 2 மணி 20 நிமிடம் 26.4 விநாடியில் ஓடி வென்று, மூன்றாம் முறையாகவும் அத்தங்கத்தை எத்தியோப்பியாவுக்கே உரியதாக்கினார்.

டோக்கியோவில் அறுவைக்குப் பின்னும் ஓடியவர், மெக்சிகோவில் கால் நோவுக்காக நின்றுவிட்டாரே என்று சிலர் குறைகூறக்கூடும். இரு நிலைகளும் ஒன்றல்ல. முன்னதில் நோயின் வேர் அகற்றப்பட்டிருந்தது. பின்னதில் காயம் காலிலேயே இருந்தது. முன்னதில் ஓடுதல் அறிவாயிற்று. பின்னதில் நிற்றல் அறிவாயிற்று. உலகமே நோக்கியிருக்க, தம் பெயருக்கு ஏற்படும் இழப்பையும் பொருட்படுத்தாமல் நின்றதற்கு, ஓடி முடிப்பதற்கு வேண்டிய துணிவினும் குறைந்த துணிவு போதாது.

நிற்க இயலாத நிலை எத்தகைய துயரை விளைக்கும் என்பதற்கும் அக்காலமே சான்று தருகிறது. டோக்கியோ மராத்தானில் மூன்றாம் இடம் பெற்ற சப்பானிய வீரர் கோகிச்சி சுபுராயா, இரண்டாவதாக அரங்கினுள் நுழைந்து, நாட்டு மக்கள் கண்முன்னே பிரிட்டனின் பேசில் ஹீட்லியால் முந்தப்பட்டவர். மெக்சிகோவில் அக்குறையைத் தீர்க்க வேண்டும் என்ற பெருஞ்சுமை அவர்மீது இருந்தது. ஆனால் முதுகு நோவும் பிற காயங்களும் அவரை ஓடவிடவில்லை. 1968 சனவரியில் அவ்விளைஞர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். நோயுற்ற வீரனுக்குச் சுற்றத்தாரும் ஆசிரியரும் நாட்டாரும் முதற்கண் சொல்ல வேண்டிய சொல் ஓய்ந்திரு என்பதே. அச்சொல் உரிய காலத்தில் கிடைக்காமற் போனால் ஓர் உயிரே போகக்கூடும் என்பதை இத்துயர நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

விபத்தும் புதிய களமும்

1969ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள் இரவு அபேபே ஓட்டிச் சென்ற சிற்றுந்து கவிழ்ந்தது. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் காயமுற்றது. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனைக்கு அவரைக் கொண்டுசென்று பல திங்கள்கள் மருத்துவம் செய்தனர். கைகள் மீண்டும் இயங்கின, கால்கள் இயங்கவில்லை. உலகின் மிக விரைவான கால்கள் எனப் புகழப்பட்டவை அசைவற்றுப் போயின. அப்போது அவருக்கு வயது 36.

அம்மருத்துவமனையில்தான் ஜெர்மனியிலிருந்து புலம்பெயர்ந்த மருத்துவர் லுட்விக் குட்மன் 1948இல் சக்கர நாற்காலி வீரர்க்கான விளையாட்டுப் போட்டிகளைத் தொடங்கினார். 1960இல் அபேபே வெறுங்காலுடன் ஓடி வென்ற எட்டாம் நாளில், அதே ரோம் நகரில், 23 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 400 மாற்றுத்திறன் வீரர்கள் கூடினர். பாராலிம்பிக் என்று இன்று நாம் அழைக்கும் விழாவின் முதல் நிகழ்ச்சி அதுவே. ஓடி வென்ற நாளில் அபேபே அதனைப் பொருட்படுத்தியிருக்க வாய்ப்பில்லை. பத்தாண்டுகளுக்குப்பின் அவ்வீரர்களின் களமே அவருடைய களமும் ஆயிற்று. 1970இல் ஸ்டோக் மாண்டெவில் போட்டியில் வில்லெடுத்து அம்பெய்தார். 1971இல் நார்வே நாட்டிற்குச் சென்று, பனிமீது வண்டி செலுத்தும் 25 கிலோமீட்டர் போட்டியில் வென்றார். கால் இழந்தபின்னும் நெடுந்தொலைவு அவரை விடவில்லை. அவரும் அதனை விடவில்லை.

1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கிற்குச் சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டார். சக்கர நாற்காலியில் அவர் அரங்கினுள் வந்தபோது கூடியிருந்தோர் அனைவரும் எழுந்து நின்று வாழ்த்தினர். அவ்வாண்டு மராத்தானில் வென்ற அமெரிக்க வீரர் ஃபிராங்க் ஷார்ட்டர் அவரை நாடிச் சென்று கைகுலுக்கினார். 1973ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், விபத்தின் பின்விளைவாக மூளையில் குருதிப்பெருக்கு ஏற்பட்டு, 41ஆம் வயதில் அபேபே மறைந்தார். பேரரசரும் பல்லாயிரம் மக்களும் திரண்டு வந்து இறுதி மரியாதை செலுத்தினர். அடிஸ் அபாபாவில் ஒரு விளையாட்டரங்கம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

நாம் கொள்ளத்தக்கது

அபேபேயின் வாழ்க்கையைப் படிக்கும் மாணவர்கள், நோயுற்றும் ஓடினார் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு பிறவற்றை விட்டுவிடலாகாது. மருத்துவ அறிவு இன்று தெளிவாக ஒன்றைக் கூறுகிறது. நச்சுயிரிக் காய்ச்சல் உள்ளபோது கடுமையாக ஓடினால், அந்நோய் இதயத் தசையைத் தாக்கி அழற்சியை உண்டாக்கும் வாய்ப்பு மிகுகிறது. அரிதாக அது உயிரையும் பறிக்கும். வெறும் மூக்கடைப்பும் தும்மலும் இருப்பின் இலேசான பயிற்சி செய்வதில் பெருங்கேடில்லை. காய்ச்சலும் உடல்வலியும் நெஞ்சடைப்பும் வயிற்றுப்போக்கும் இருப்பின் ஓய்வே மருந்து. மாத்திரை காய்ச்சலை மறைக்குமேயன்றி நோயை உடனே நீக்காது. கடற்கரையை ஒட்டிய நம் மாவட்டத்தின் புழுக்கத்தில் காய்ச்சலோடு ஓடுவோர்க்கு உடல் நீரை இழப்பதும் வெப்பம் மிகுவதும் கூடுதல் இடர்களாகும்.

ஆசிரியப் பெருமக்களும் பெற்றோரும் ஊர்ப் பெரியோரும் ஆற்ற வேண்டிய கடமையும் ஒன்றுண்டு. நோயால் ஓட்டத்தை விட்டு விலகிய மாணவரை, வென்று வந்தவரை வரவேற்பதுபோலவே அன்போடு வரவேற்றல் வேண்டும். விலகினால் இழிவு என்னும் அச்சம் நீங்கினால்தான், உடல் சொல்லும் எச்சரிக்கையை இளைஞர் கேட்பர். நிஸ்கானெனைப் போல அளவறிந்து நடத்தும் ஆசிரியர் வாய்க்கப்பெற்ற மாணவரே நெடுங்காலம் ஓடுவர்.

திருக்குறளில் வலியறிதலை அடுத்து வைக்கப்பட்டுள்ள அதிகாரம் காலமறிதல். அம்முறைவைப்பு எண்ணி மகிழத்தக்கது. தன் வலியை அறிந்தவனே தனக்குரிய காலத்தை அறிவான். ரோம் நகரில் ஓட வேண்டிய காலத்தையும், அடிஸ் அபாபா மருத்துவமனையில் படுத்திருக்க வேண்டிய காலத்தையும், டோக்கியோவில் மீண்டெழ வேண்டிய காலத்தையும், மெக்சிகோவில் நிற்க வேண்டிய காலத்தையும் அபேபே அறிந்திருந்தார். அவருடைய நான்கு முடிவுகளையும் ஒருங்கே கற்றால், நம் மாணவர்கள் ஓடவும் அறிவர், நிற்கவும் அறிவர், உடல் தேறியபின் மீண்டும் ஓடவும் அறிவர்.